கை வலிக்காமல் தூசி எடுத்த கதை

அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தங்கள் வேலையில் இருக்கும் குறை மட்டும் கண்ணில் படாது. ஒரகடத்தில் கார் கதவுக்கான பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். தலைமுடி அளவுக்குக் கீறல் இருந்தாலும் பிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட நான், என் வீட்டு ஹாலில், என் கையாலேயே, எங்கள் பிளான்ட் ஹெட்டின் முகத்தில் ஒரு டம்ளர் கோலமாவை அப்பினேன். அது நடக்கப்போகிறது என்பதற்கான அத்தனை அடையாளமும் இரண்டு நாளாக என் கண் முன்னால்தான் இருந்தது. ஒன்றைக்கூட நான் பிடிக்கவில்லை.

எல்லாம் என் தோள்பட்டையில் தொடங்கியது. வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு ஸ்கூட்டியில் திரும்பும்போது மழைச் சேற்றில் வண்டி வழுக்கியது. (வீட்ல இருக்கிற எல்லார் பேரையும் சொல்லி வேண்டிக்கிட்டேன், என் தோளை மட்டும் விட்டுட்டேன்.) வலது தோளில் ஆபரேஷன். கட்டுப் பிரித்த பிறகு, பிசியோதெரபி பார்த்த பெண் கண்டிப்பாகச் சொன்னாள்.

"அக்கா, இந்தக் கையால ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. தள்றதும் இழுக்கறதும் அப்படித்தான்."

வேறு யாராக இருந்தாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள். எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு கிலோ என்றால் எவ்வளவு? ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியைக் கொக்கியில் மாட்டி எடை பார்ப்பார்களே, அந்தச் சின்னத் தராசு ஒன்றை வாங்கினேன். வீட்டில் இருந்த அத்தனையையும் அதில் தொங்கவிட்டேன். தோசைக்கல் தேறியது. சோறு வெந்த குக்கர் தேறவில்லை. தண்ணீர்க் குடத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். என் கணவர் குமார் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், டன் கணக்கில் தூக்கிப் பழகியவர். நான் கரண்டியை எடை போடுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா கலா, அடுத்தது என்னையும் மாட்டுவியா?" என்று கேட்டார்.

வேலையில்தான் சிக்கல். லைனில் நான் தினமும் எடுத்துப் பார்த்த ஒவ்வொரு பாகமும் நாலு கிலோ. அதனால் என்னைத் தற்காலிகமாக ஸ்டோரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால், ஹெச்.ஆர். ஷீலா மேடம், "பார்க்கலாம் கலா" என்பார். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், ஹெச்.ஆர். வாயிலிருந்து வரும் 'பார்க்கலாம்' நல்ல சொல் அல்ல. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. எனக்கு அது வேண்டும். கேட்டேன். "அங்க எல்லாத்தையும் செஞ்சு காட்டணும்மா. உங்க கை..." என்று ஷீலா மேடம் பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்தப் பாதி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த நேரத்தில்தான் நோட்டீஸ் போர்டில் ஒரு போட்டி அறிவிப்பு வந்தது. 'வீட்டிலும் ஃபைவ் எஸ்'. ஃபைவ் எஸ் என்பது வேண்டாததைக் கழித்து, வேண்டியதை ஒழுங்காக வைத்து, இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லும் தொழிற்சாலை விதி. எங்கள் பிளான்ட்டில் துடைப்பத்துக்குக்கூடப் பெயர் எழுதிய இடம் உண்டு. போட்டியில் கலந்துகொள்கிறவர்களின் வீட்டுக்கு பிளான்ட் ஹெட் ராகவன் சாரே வந்து பார்ப்பாராம். உடனே பெயர் கொடுத்தேன். 'கையில் பலம் இல்லாவிட்டாலும், சரியான கருவியைத் தேர்ந்தெடுத்தால் எந்த வேலையையும் செய்யலாம்.' இதை அவர் கண் முன்னால் செய்து காட்டுவது என் திட்டம்.

செய்து காட்ட வேலைக்குப் பஞ்சம் இல்லை. எங்கள் வீடு மண்ணூரில், டிப்பர் லாரிகள் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. காலையில் பெருக்கினால் மதியம் தரையில் விரலால் பெயர் எழுதலாம். எனக்கு அடிபட்டதிலிருந்து குமார்தான் பெருக்குகிறார். அவர் பெருக்குவதும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது மாதிரியே இருக்கும். நேராகப் போவார், திரும்புவார், நேராக வருவார். மூலைகளுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து அவர் குனிந்து பெருக்குவதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாக இருந்தது.

ஆக, வாக்குவம் கிளீனர். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடைக்குத் தராசோடு போனேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட ஒரு விற்பனையாளர் இருந்தார். நான் பையிலிருந்து கொக்கியை எடுத்ததும் அவர் முகம் மாறியது.

"என்னக்கா, தராசும் கையுமா வந்திருக்கிய? இது வாக்குவம் கிளீனரு. வாளை மீன் இல்ல."

"தெரியும் சார். என் கைக்கு எது தாங்கும்னு பாக்கணும்."

முதலில் கம்பு மாதிரி நிற்கும், ஒயர் இல்லாத ஒன்றைக் காட்டினார். அட்டைப்பெட்டியில் போட்டிருந்த எடை குறைவுதான். ஆனால் மோட்டார், பேட்டரி, தூசி டப்பா மூன்றும் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே இருந்தன. தரையில் தள்ளும்போது தெரியவில்லை. ஒட்டடை அடிக்கிற மாதிரி தூக்கினேன், ஐந்து எண்ணுவதற்குள் தோள் கெஞ்சியது. அதோடு, ஓடிக்கொண்டே இருக்க ஒரு விசையை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து டிரம் மாதிரி ஒன்று. உறிஞ்சுவதில் அசுரன், ஆனால் அதை அறைக்கு அறை கொண்டுபோக இன்னொரு குமார் வேண்டும். பிறகு, தானே ஊர்ந்து போகும் ரோபோ. அது என் கையைக் கேட்கவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் நிலைப்படி உண்டு, அதைத் தாண்ட அதற்குக் கால் இல்லை. (அதுவே வேலையைச் செஞ்சுட்டா நான் எதைச் செஞ்சு காட்டறது?)

கடைசியில் மூலையில் ஒன்று இருந்தது. உடம்பு சக்கரத்தில் தரையோடு உருண்டு வரும். கையில் பிடிக்க வேண்டியது குழாய் மட்டும். சுவிட்சும், ஒயரை உள்ளே இழுக்கும் பொத்தானும் காலால் மிதிக்கிற மாதிரி. குழாயை என் உயரத்துக்கு நீட்டிக்கொள்ளலாம், குனிய வேண்டாம். தராசுக் கொக்கியைக் குழாயில் மாட்டி, கால் துடைக்கும் மிதியடி மேல் இழுத்துப் பார்த்தேன். உறிஞ்சும்போது அதன் வாய் மிதியடியைக் கவ்விக்கொண்டதால் இரண்டு கிலோ முந்நூறு காட்டியது. டைல்ஸ் தரையில் ஒரு கிலோவுக்குள். பரவாயில்லை, மிதியடிக்குப் பழகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அது மூன்றாவது தடவையாக நான் கடைக்குப் போன நாள். விற்பனையாளர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துரும். திங்கக்கிழமை எங்க ஆளு வந்து மாட்டி, ஓட்டிக் காட்டுவாரு. அதுவரைக்கும் பிரிக்காதிய."

ராகவன் சார் வருவது ஞாயிற்றுக்கிழமை. பெட்டி வந்த அரை மணி நேரத்தில் பிரித்துவிட்டேன். உள்ளே ஒரு கையேடு இருந்தது. அதை ஃபைவ் எஸ் முறைப்படி ஒரு ஃபைலில் போட்டு, லேபிள் ஒட்டி, அலமாரியில் நிற்கவைத்தேன். படிக்கவில்லை. (படிக்காம மெஷின்ல கை வைக்காதேன்னு பதினோரு வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னவ நான்.)

மெஷினில் இரண்டு வட்ட ஓட்டைகள் இருந்தன. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. குழாயை மெஷினோடு இணைக்கும் ஹோஸை முன் ஓட்டையில் வைத்து அழுத்தினேன். போகவில்லை. பலமாக அழுத்த வேண்டியிருந்தது, தோளில் சுரீர் என்றது. பின் ஓட்டையில் வைத்தேன். வெண்ணெயில் விரல் போகிற மாதிரிப் போய் உட்கார்ந்தது. பலவீனமான கைக்கு எது லேசாகப் போகிறதோ அதுதான் சரி என்று நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன்.

சுவிட்சை மிதித்தேன். மிதியடி மேல் குழாயைத் தள்ளினேன். அடடா! கவ்வவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. தராசை மாட்டிப் பார்த்தால் முந்நூறு கிராம். கடையில் இரண்டு கிலோ முந்நூறு, வீட்டில் முந்நூறு! கடையில் இருந்தது பழைய பீஸ், எனக்கு வந்தது தங்கம் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் தூசி ஓடி மறைவது கண்ணால் தெரிந்தது. இழுக்கும் வேகம் அப்படி என்று பூரித்துப்போனேன்.

அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார் லதா வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

"அண்ணி, காலண்டர் ஆடுது பாருங்க."

"ஃபேன் காத்து லதா."

"ஃபேன் ஆஃப்ல கீது அண்ணி."

நான் காதில் வாங்கவில்லை. குமார் கட்டிலில் உட்கார்ந்து விடாமல் தும்மிக்கொண்டிருந்தார். அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அது சரி கலா, அந்தத் தூசி எங்க போவுது?"

"பைக்குள்ள."

மெஷினைத் திறந்து தூசிப் பையை எடுத்துக் காட்டினேன். கடையிலிருந்து வந்தபோது இருந்ததுபோலவே பளிச்சென்று இருந்தது.

"ஒண்ணியும் காணோமே."

"பாத்தீங்களா, நம்ம வூடு அவ்ளோ சுத்தம்!"

"நேத்து நான் பெருக்கசொல்ல ஒரு முறம் வந்துச்சே..." என்று அவர் தொடங்கினார். மறுபடி தும்மல் வந்துவிட்டது. அதற்குள் நான் சுவரில் ஒட்டுவதற்கான சார்ட்டில் '2.3 கிலோ - 0.3 கிலோ' என்று ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுத ஆரம்பித்திருந்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு ராகவன் சாரும் ஷீலா மேடமும் வந்தார்கள். சார் கருநீலச் சட்டை. மேடம் கறுப்புச் சுடிதார், கையில் மார்க் போடும் தாள். லதா மெதுவடை சுட்டுத் தேங்காய்ச் சட்னியோடு டீப்பாயில் வைத்தாள். இருவரையும் சோபாவில் உட்காரவைத்து நான் பேச்சைத் தொடங்கினேன். சார் வடையைத் தொடவில்லை. சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எப்படி அளந்தீங்க?"

தராசைக் காட்டினேன். அவர் கண் மின்னியது. அந்த நிமிஷத்தில் பயிற்சி அறையின் நாற்காலியில் நான் பாதி உட்கார்ந்துவிட்டேன்.

"இவ்வளவு குறையுதே. என்ன காரணம்?"

"புது பிரஷ் சார்," என்றேன். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தைத் தவிர அந்தப் பதிலில் வேறு ஒன்றும் இல்லை.

மிதியடி நடுவில் கோலமாவைக் கொட்டினேன். "கொஞ்சமா போடுங்க அண்ணி," என்றாள் லதா. கொஞ்சம் போட்டால் என்ன மரியாதை? ஒரு டம்ளர் நிறையக் கவிழ்த்தேன். மூலை முடுக்குக்கான சின்ன வாயைக் குழாயில் மாட்டினேன். ராகவன் சாருக்கு ஆர்வம் தாங்கவில்லை. பக்கத்தில் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, மாவுக்கு ஒரு முழம் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். ஷீலா மேடம் போனில் வீடியோ எடுக்கத் தயாரானார். நான் முழு வேகத்தில் வைத்துச் சுவிட்சை மிதித்தேன்.

ஹால் காணாமல் போனது.

வெள்ளை. எங்கு பார்த்தாலும் வெள்ளை. அதற்கு நடுவிலிருந்து இருமல் சத்தம். உறிஞ்சுவது போதவில்லை, கிட்டே கொண்டுபோக வேண்டும் என்று நினைத்துக் குழாயை இன்னும் முன்னால் நீட்டினேன். (ஆமா, நீட்டினேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?) பிறகுதான் பயம் வந்தது. குழாயைத் திருப்பப் பார்த்தேன். தோள் வலுவில்லாமல் கை தொய்ந்தது. குழாய் வாய் சோபாவுக்கு அடியில் போய் நின்றது. இரண்டு நாளாக நான் 'எடுத்த' தூசி முழுவதும் அங்கேதான் குடியிருந்தது. வெள்ளைக்கு மேல் செம்மண் கிளம்பியது. ஷீலா மேடம் சோபா மேல் ஏறி நின்றார். குமார் சமையலறையிலிருந்து ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

மேலே ஃபேன் மட்டும் மிச்சமிருந்ததைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. ராகவன் சாரின் முகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள் தெரிந்தன. மற்றதெல்லாம் மாவு. மெதுவடை தேங்காய் பர்ஃபி ஆகியிருந்தது.

"சார்," என்று வாசற்படியில் நின்ற லதா கேட்டாள், "குடிக்கத் தண்ணி தரட்டா, இல்ல குளிக்கறீங்களா?"

சார் தவழ்ந்து மெஷினிடம் போனார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். விரலை விட்டு இரண்டு ஓட்டையையும் தடவினார்.

"கலா, ஹோஸை எதுக்குப் பின்னாடி மாட்டினீங்க? இது காத்தை வெளியே தள்ற பக்கம்."

என்னென்னவோ சமாளிப்புகள் மனதில் ஓடின. கடைசியில் உண்மைதான் வந்தது.

"முன்னாடி ஓட்டைல அழுத்த வேண்டியிருந்துச்சு சார். என் கையால முடியல. பின்னாடி லேசா போச்சு."

சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. கையால் எதுவும் முடியும் என்று காட்டத்தானே இவர்களை வரவழைத்தேன்? முடியாது என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். பயிற்சி அறை போயிற்று. ஸ்டோரில் கொடுத்த லைட் டியூட்டியும் போகும். குமார் என் பக்கத்தில் வந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், தன் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அதிலும் மாவு.

ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அந்த முந்நூறு கிராம் எப்படி வந்துச்சுன்னு இப்ப புரியுது. ஊதுற காத்துல வாய் தரையைக் கவ்வாது. உங்க அளவு எல்லாமே சரி. காரணம்தான் தப்பு." ஹோஸை எடுத்து முன் ஓட்டையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். டக். "தராசு எங்க?"

அவர் கிளம்பவில்லை. அடுத்த முக்கால் மணி நேரம் அந்த வெள்ளை ஹாலில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மிதியடியில் மறுபடி இரண்டு கிலோவுக்கு மேல் காட்டியது. மூன்று தள்ளலில் தோள் வலித்தது, அதை ஒளிக்காமல் சொன்னேன். கைப்பிடியில் ஒரு சின்ன மூடி இருந்தது. "இது எதுக்கு?" என்று சார் அதை நகர்த்தினார். கொஞ்சம் காற்று அந்த வழியாகப் போனது, கவ்வல் தளர்ந்தது, ஒன்றரைக் கிலோ. குமார் சொல்லி, குழாயைக் கொஞ்சம் குட்டையாக்கி, முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, கையை அசைக்காமல் காலால் முன்னும் பின்னும் நடந்தேன். ("ஃபோர்க்லிஃப்ட் மாதிரி கலா. சாமான் தூக்குற முள்ளு ஆடாது, வண்டிதான் போவும்.") தோளில் வலி வரவில்லை. ஷீலா மேடம் மார்க் போடும் தாளின் பின்பக்கத்தில் எண்களை எழுதிக்கொண்டே வந்தார். அப்படி அளந்து அளந்தே ஹாலைச் சுத்தம் செய்து முடித்தோம். தூசிப் பை நிரம்பியதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

போட்டியில் எனக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. செருப்பு அலமாரியில் ஜோடி ஜோடியாகப் படம் ஒட்டிய ஒருவருக்கு முதல் பரிசு போனது. பத்து நாள் கழித்து ஷீலா மேடம் கூப்பிட்டார். பயிற்சி அறையில் ஒரு மாதம் பார்த்துச் சொல்கிறோம் என்றார். "முதல் வகுப்புல அன்னிக்கு உங்க வீட்டுல நடந்ததையே சொல்லுங்க. சார் சொல்லச் சொன்னார்." கனமான பாகத்தைத் தூக்கிக் காட்ட ஒரு உதவியாளரையும் போட்டார்கள். அந்த ஒரு மாதம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. புதிதாகச் சேருகிற ஒவ்வொரு குழுவுக்கும் நான் இதைச் சொல்கிறேன். கடைசியில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி, "வீடியோ இருக்கா மேடம்?" என்று கேட்பார். இருக்கிறது. ஷீலா மேடம் தரமாட்டேன் என்கிறார். சோபா மேல் ஏறி நின்று அவர் போட்ட அலறல் அதில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறதாம்.

தொழிற்சாலையில் இது பாடம். வீட்டில் அப்படி இல்லை. போன பொங்கலன்று தேங்காய் அரைக்க மிக்ஸியைப் போட்டேன், மோட்டார் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த குமார் எழுந்தார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்தார். விரித்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வந்து உட்கார்ந்து டிவியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த லதா அவரை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, எனக்கும் கொஞ்சம் எடம் வுடு."